எரியும் பயிரும் ஏங்கும் மண்ணும்

ஆர்க்காட்டிலிருந்து ஆரணிக்குச் செல்லும் பேருந்தில் ஏறித் திமிரியில் இறங்குவோர், வழி நெடுகிலும் நெல்லும் கரும்பும் மணிலாவும் மாறி மாறி விளைந்து நிற்பதைக் காணத் தவறார். முன்னர் வட ஆர்க்காடு என்றும் பின்னர் வேலூர் என்றும் வழங்கிய பெரிய மாவட்டத்திலிருந்து 2019-ஆம் ஆண்டில் பிரிக்கப்பட்ட இராணிப்பேட்டை மாவட்டத்தில் இன்று இவ்வூர் அடங்கும். ஏரியையும் கிணற்றையும் நம்பிக் கழனியும், வானத்தை மட்டுமே நம்பிக் கொல்லையும் பயிராகும் பூமி இது.

ஆடிப் பட்டம் நெருங்கிக்கொண்டிருந்த ஆனி மாதத்து மாலை ஒன்றில், திமிரியை அடுத்த சிற்றூரில் நமக்கு நெடுநாள் பழக்கமான ஒரு குடும்பத்தாரைக் காணச் சென்றிருந்தோம். மூன்று ஏக்கர் நிலம் அவர்களுக்குரியது. கிணற்றோடு கூடிய கழனி ஓர் ஏக்கர். மானாவாரிக் கொல்லை இரண்டு ஏக்கர். பெரியவருக்கு எழுபது வயது ஆகப்போகிறது. மகன் இராணிப்பேட்டையில் காலணித் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறார். இரு கறவை மாடுகளை மருமகள் பேணி வருகிறார். கொல்லை உழப்பட்டு மழைக்காகக் காத்துக் கிடந்தது. விதை மணிலா மட்டும் இன்னும் வாங்கப்படவில்லை. காரணம் கேட்டோம்.

"இந்த வருஷம் மல்லாட்டை போட வேணாம்னு பார்க்கிறோம், ஐயா. மரம் வச்சுட்டா நாலு வருஷத்துக்குக் கவலை இல்லை. களை வெட்ட ஆள் தேட வேணாம். விதை வாங்கக் கடன் வாங்க வேணாம். கொதிகலனுக்கு விறகு வேணும்னு ஆள் வந்து கேட்டுட்டுப் போயிருக்காங்க" என்றார் மகன்.

பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், "நாலு வருஷம் கழிச்சு மரத்தை வெட்டிக்கிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் இந்த மண்ணு மண்ணா இருக்குமா? அதை மட்டும் யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்களே!" என்றார்.

மகன் கூறியதில் பொய்யில்லை. கூலியாள் கிடையாமையும் கடன் சுமையும் இன்று ஒவ்வோர் உழவர் வீட்டையும் வாட்டுகின்றன. தந்தை கேட்டதிலும் தவறில்லை. நிலம் உண்பதற்கு மட்டுமன்றி எரிப்பதற்கும் விளைவிக்கத் தொடங்கியுள்ள இந்நாளில், அவர் கேட்ட கேள்வி நம் பங்குகளில் நிலம் வைத்திருக்கும் குடும்பங்கள் அனைத்துக்கும் உரியது. எனவே அதனைச் சற்று விரிவாக ஆராய்வது நலம் எனக் கருதுகிறோம்.

ஒருமுறை ஏமாந்த கதை

எரிபொருளுக்காகப் பயிரிடுமாறு நம் உழவர்களை அழைத்தது இது முதன்முறையன்று. 2003-ஆம் ஆண்டில் மத்தியத் திட்டக்குழு அமைத்திருந்த குழு ஒன்று தன் அறிக்கையை வெளியிட்டது. டீசலில் 20 விழுக்காடு தாவர எண்ணெய் எரிபொருளைக் கலப்பதெனில், சுமார் 1 கோடியே 10 லட்சம் எக்டேர் நிலத்தில் காட்டாமணக்குப் பயிரிட வேண்டும் என அவ்வறிக்கை கணித்தது. தரிசு நிலத்தில் வளரும், தண்ணீர் வேண்டியதில்லை, ஆடு மாடு கடிக்காது என்று காட்டாமணக்கின் புகழ் நாடெங்கும் பாடப்பட்டது. தமிழகத்திலும் பல மாவட்டங்களில் உழவர்கள் நம்பி நட்டார்கள்.

நாம் குறிப்பிட்ட பெரியவரும் அவர்களுள் ஒருவர். கன்று விற்றவர் விதையைத் தாமே வந்து வாங்கிக்கொள்வதாக வாக்களித்தாராம். ஐந்து ஆண்டுகள் காத்திருந்தபின், செடியைத் தோண்டி எடுக்கக் கூலி கொடுத்ததே தமக்குக் கிட்டிய பலன் என்று அவர் சொல்லிச் சிரித்தார். அச்சிரிப்பில் கசப்பு மறைந்திருந்தது.

தவறு எங்கே நேர்ந்தது? காட்டாமணக்கு வறட்சியில் உயிர் பிழைக்கும் என்பது மெய்யே. ஆனால் உயிர் பிழைப்பது வேறு, காய்ப்பது வேறு. நீரும் உரமும் இன்றிக் காட்டாமணக்கு எதிர்பார்த்த விளைச்சலைத் தருவதில்லை. தமிழகத்து உழவர்களிடையே நிகழ்த்தப்பட்டு 2010-இல் வெளியான ஓர் ஆய்வு, விளைச்சல் எதிர்பார்ப்பினும் மிகக் குறைவு என்றும், நீர்வசதி உடையோர்க்கே ஓரளவு பயன் கிட்டக்கூடும் என்றும், சிறு உழவர்களின் உணவும் தீவனமும் இதனால் குறைந்தன என்றும் எடுத்துரைத்தது. காட்டாமணக்குப் பிண்ணாக்கு நச்சுத்தன்மை உடையதாகையால் மாட்டுக்கும் ஆகாது. மணிலா பொய்த்த ஆண்டிலும் கொடி மாட்டுக்குக் கிட்டும். காட்டாமணக்கு பொய்த்தால் எஞ்சுவது ஒன்றுமில்லை.

தரிசு நிலம் என்று பட்டியலில் எழுதப்பட்ட நிலம் உண்மையில் தரிசன்று என்னும் பாடத்தையும் அவ்வாண்டுகள் நமக்குக் கற்பித்தன. ஊராரின் ஆடுகள் மேய்வதும், ஏழைப் பெண்கள் சுள்ளி பொறுக்குவதும் அங்கேதான்.

காற்று தந்ததும் மண் தந்ததும்

மண் ஏன் மெலிகிறது என்பதை அறிந்துகொண்டால், எந்தப் பயிரை ஏற்பது, எதை மறுப்பது என்பதை நாமே தீர்மானிக்கலாம். இதற்குப் பெரும் படிப்பு வேண்டியதில்லை.

பயிரின் உடலில் பெரும்பகுதி காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் வந்தது. கதிரவன் ஒளியில் இலைகள் காற்றிலுள்ள கரியமில வாயுவையும், வேர் உறிஞ்சிய நீரையும் சேர்த்துச் சர்க்கரையாகவும் மாவாகவும் எண்ணெயாகவும் நாராகவும் சமைக்கின்றன. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, சுண்ணாம்புச்சத்து ஆகியவையோ மண் தந்த கடன். அளவில் சிறியவை ஆயினும் அவையின்றி ஓர் இலையும் துளிர்க்காது.

இப்போது எரிபொருளைப் பார்ப்போம். தூய எண்ணெயிலும், தூய சர்க்கரையிலும், கரும்பிலிருந்து வடிக்கும் எத்தனால் என்னும் சாராயத்திலும் மண்ணின் சத்து ஏறக்குறைய ஒன்றும் இல்லை. அவை காற்றும் நீரும் வெயிலும் தந்தவை. மண்ணின் சத்தெல்லாம் பிண்ணாக்கிலும், ஆலையின் அழுக்கிலும், வடிசாலைக் கழிவுநீரிலும், தோகையிலும், இலையிலும், பட்டையிலும் தங்கிவிடுகின்றது. விறகை எரித்தால் தழைச்சத்து புகையோடு போய்விடும். சாம்பல்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் மணிச்சத்தின் பெரும்பகுதியும் சாம்பலில் எஞ்சும்.

ஆகவே விதி எளிது. காற்று தந்ததை விற்கலாம். மண் தந்ததை மண்ணுக்கே திருப்ப வேண்டும். நம் முன்னோர் செக்கில் மணிலாவை ஆட்டி எண்ணெயை விற்றுப் பிண்ணாக்கை மாட்டுக்கிட்டு, மாட்டின் எருவைக் கொல்லைக்கு அனுப்பியபோது இவ்விதியையே கடைப்பிடித்தனர். இன்று கொட்டையாகவே மூட்டை கட்டி வெளியூருக்கு அனுப்புகிறோம். அதனோடு மண்ணின் சத்தும் லாரியேறிச் செல்கிறது. எரிபொருள் பயிரில் ஆபத்து அதிகமாவதற்குக் காரணம், அங்கே தானியம் மட்டுமன்றித் தண்டு, கிளை, இலை, சில வேளைகளில் வேர்க்கட்டை கூட விலைக்குப் போய்விடுவதேயாகும்.

சத்தை உர மூட்டையால் ஈடு செய்துவிடலாமே எனச் சிலர் கேட்கலாம். ஒரு பகுதியை ஈடு செய்யலாம். ஆனால் மக்கிய இலையும் வேரும் மண்ணுக்குத் தரும் மென்மையையும், மழைநீரைப் பிடித்து வைக்கும் ஆற்றலையும் எந்த மூட்டையும் தருவதில்லை. நம் மானாவாரி நிலங்கள் பலவற்றில் இம்மக்குப் பொருள் ஏற்கெனவே மிகக் குறைந்திருக்கிறது. இருக்கும் சிறிதையும் எரித்துவிட்டால், மழை பெய்தும் நிலம் தாகத்தோடு கிடக்கும்.

கரும்பும் கிணறும்

பெட்ரோலோடு எத்தனாலைக் கலக்கும் திட்டம் நம் நாட்டில் 2003-இல் தொடங்கிற்று. 2018-ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை அதற்கு விரைவூட்டியது. 2025-இல் 20 விழுக்காட்டுக் கலப்பு என்னும் இலக்கு எட்டப்பட்டது. ஆக, நம் இருசக்கர வண்டிகளின் வயிற்றில் இன்று ஐந்தில் ஒரு பங்கு வயலிலிருந்து வந்ததே. வெளிநாட்டு எண்ணெய்க்குச் செல்லும் பணத்தில் ஒரு பகுதி உழவனுக்குத் திரும்புகிறது என்பது மறுக்க இயலாத நன்மை. கரும்புக்கு உரிய காலத்தில் பணம் கிடையாது தவித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆயினும் கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒரு டன் கரும்பிலிருந்து சுமார் 70 லிட்டர் எத்தனால் வடிக்கலாம். கரும்பிலிருந்து 1 லிட்டர் எத்தனால் பெறச் சுமார் 2,860 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று 2021-இல் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கையே கூறுகிறது. ஓர் ஏக்கரில் 40 டன் கரும்பு விளைந்தால் 2,800 லிட்டர் எத்தனால். அதற்கு வேண்டிய தண்ணீர் ஏறத்தாழ 80 லட்சம் லிட்டர். அதனை அந்த ஏக்கரிலேயே தேக்கினால் ஏறக்குறைய 2 மீட்டர் ஆழம், அஃதாவது ஓர் ஆள் மூழ்கும் ஆழம், நிற்கும். நம் பகுதியில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையோ ஏறத்தாழ 1 மீட்டர்தான். மீதியை ஏரியும் கிணறும் கொடுக்க வேண்டும். பக்கத்துக் கொல்லைக்காரனின் கிணற்றுக்கும் அடியில் ஓடுவது அதே நீரூற்றுத்தான் என்பதை மறவாதிருப்போம்.

கரும்பை விட்டுவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. இருக்கும் கரும்பை மண் காக்கும் முறையில் வளர்க்கலாம் என்றே சொல்கிறோம். வெட்டியபின் தோகையைக் கொளுத்துவது நம்மிடையே பரவிவிட்ட தீய வழக்கம். ஒரு தீக்குச்சியில் பல வண்டித் தழையுரம் புகையாகிறது. அத்தோகையைப் பார்களுக்கிடையே பரப்பினால் ஈரம் காயாது, களை முளைக்காது, ஈராண்டில் மக்கி மண்ணாகும். ஆலை அழுக்கை எருவாக்கி மீண்டும் வயலுக்குக் கொணரலாம்.

இதில் பிரேசில் நாட்டாரிடம் கற்றுக்கொள்ள ஒரு பாடம் உண்டு. அவர்கள் 1975-ஆம் ஆண்டிலேயே கரும்புச் சாராயத்தை வண்டி எரிபொருளாக்கும் தேசியத் திட்டத்தைத் தொடங்கினர். ஒரு லிட்டர் எத்தனாலுக்குப் பத்து லிட்டருக்கு மேலாகவே கழிவுநீர் வெளிவரும். தொடக்கத்தில் அது ஆறுகளில் கலந்து மீன்களைக் கொன்றது. பின்னர் அதில் சாம்பல்சத்து மிகுந்திருப்பதை உணர்ந்து, அளவறிந்து கரும்பு வயலுக்கே பாய்ச்சலாயினர். ஆற்றுக்கு நஞ்சானது வயலுக்கு உரமாயிற்று. அளவு மீறினால் வயலுக்கும் அது நஞ்சே.

கரும்புக்கு அடுத்தபடி மக்காச்சோளம் இப்போது எத்தனாலுக்குப் பெருவாரியாகச் செல்கிறது. 2023-ஆம் ஆண்டில் மழை குறைந்து கரும்பு குன்றியபோது, கரும்புச் சாற்றை எத்தனாலுக்குத் திருப்புவதை மத்திய அரசு கட்டுப்படுத்தியது. மக்காச்சோளம் முன்னுக்கு வந்தது. கோழித் தீவனத்துக்கும் வண்டிக்கும் ஒரே தானியம் பங்கிடப்படலாயிற்று. மக்காச்சோளம் மண்ணிலிருந்து மிகுந்த சத்தை எடுக்கும் பயிர். உளுந்தோ பயறோ இடையில் போடாமல் அதையே அடுத்தடுத்துப் பயிரிடுவது, சம்பளமின்றி ஒருவனை இரட்டை வேலை வாங்குவதற்கு ஒப்பாகும்.

மரம் மண்ணைக் காக்குமா?

இனி நம் நண்பர் மகனின் எண்ணத்துக்கு வருவோம். மரம் நட்டால் மண் காக்கப்படும் என்று பலர் நம்புகின்றனர். காக்கவும் செய்யும், கெடுக்கவும் செய்யும். மரத்தின் இனமும் நம் நடத்தையும் அதனைத் தீர்மானிக்கின்றன.

முதலில் மரத்தின் பக்கம் உள்ள நியாயத்தைக் கூறுவோம். மணிலாவைச் செடியோடு பிடுங்குகிறோம். மண் கிளறப்பட்டு வெறுமையாய்க் கிடக்கும் வேளையில் ஐப்பசி, கார்த்திகை அடைமழை இறங்குகிறது. மேல்மண் வழிந்தோடி ஏரியில் வண்டலாகிறது. ஆண்டு முழுவதும் வேர் பிடித்து நிற்கும் மரம் இவ்வரிப்பைத் தடுக்கும். சரிவான கொல்லைகளில் இது பேருதவி.

சவுக்கு மரத்தை எடுத்துக்கொள்வோம். 19-ஆம் நூற்றாண்டில் சென்னைக் கடற்கரைப் பகுதிகளில் அது பெருமளவில் நடப்பட்டதே இரயில் எஞ்சின்களுக்கு விறகு தேடித்தான். ஆக, எரிபொருள் பயிர் என்பது தமிழகத்துக்குப் புதிதன்று. சவுக்கின் வேர் முடிச்சுகளில் பிராங்கியா என்னும் நுண்ணுயிர் வாழ்ந்து காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தருகிறது. இது நல்லியல்பு. ஆனால் மூன்று நான்கு ஆண்டுகளில் வெட்டும்போது தண்டோடு நிற்காமல், கிளை, பட்டை, உதிர்ந்த சருகு, வேர்க்கட்டை யாவற்றையும் பெருக்கி எடுத்துச் செல்கிறோம். மரத்தின் சத்து நடுத்தண்டில் குறைவு. இலையிலும் மிலாறிலும் பட்டையிலுமே மிகுதி. தண்டை விற்று மற்றதை நிலத்திலேயே விட்டால் இழப்பு பெரிதும் குறையும். சருகைப் பெருக்குகிறவர், மரம் நான்காண்டுகள் சேர்த்து வைத்த சேமிப்பையே எடுத்துச் செல்கிறார்.

அண்டை மாநிலத்தில் நிகழ்ந்ததும் நமக்கு எச்சரிக்கை. நம் பாலாறு புறப்பட்டு வரும் கோலார் சீமையில், 1970-களின் பிற்பகுதியிலிருந்து உழவர்கள் கேழ்வரகை விட்டுத் தைலமரத்துக்கு மாறினர். ஆள் தேவையில்லை, ஆலை வாங்கிக்கொள்கிறது என்னும் அதே காரணங்கள்தாம். கூலிக்காரர் வேலை இழந்தனர், கேழ்வரகு குறைந்தது. நிலத்தடி நீர் ஆழத்துக்குப் போவதற்குத் தைலமரமும் ஒரு காரணம் என்ற முறையீடு பல்லாண்டு நீடித்தது. முடிவில் 2017-இல் கர்நாடக அரசு புதிதாகத் தைலமரம் நடுவதைத் தடை செய்தது.

சீமைக் கருவேலின் வரலாறும் நாம் அறிந்ததே. 1877-ஆம் ஆண்டளவில் விறகுத் தட்டுப்பாட்டைப் போக்கும் எண்ணத்தோடு வெளிநாட்டிலிருந்து வரவழைக்கப்பட்ட மரம் அது. ஏழையின் அடுப்பை அது எரித்தது என்பதை மறுக்க வேண்டாம். இன்றும் கரிமூட்டங்களும், விறகால் மின்சாரம் ஆக்கும் நிலையங்களும் அதனை நம்பியுள்ளன. ஆனால் ஏரியையும் கால்வாயையும் விளைநிலத்தையும் அது பிடித்துக்கொண்டமையால், 2017-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதனை அகற்ற ஆணையிட வேண்டியதாயிற்று. 2022-இல் தமிழக அரசும் அயல் தாவரங்களை அகற்றுவதற்கெனக் கொள்கை வகுத்தது. விதைப்பவர் விரும்பும்போது நிறுத்த முடியாத பயிரை எரிபொருளுக்கென்று நடலாகாது. வந்துவிட்ட சீமைக் கருவேலை வெட்டி எரிப்போம்; அதனைப் பயிராக்காதிருப்போம்.

உப்பேறிய நிலங்களுக்கு வேறு கணக்கு

திமிரிக்கு வடக்கே பாலாற்றங்கரையில் இராணிப்பேட்டை முதல் ஆம்பூர், வாணியம்பாடி வரை நீளும் தோல் பதனிடும் வட்டாரத்தில் நிலத்தின் நிலை வேறு. 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வழங்கிய புகழ்பெற்ற தீர்ப்பில், அவ்வட்டாரத்தில் சுமார் 35,000 எக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு ஆகாததாயிற்று என்னும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையத்தின் கணிப்பு குறிப்பிடப்பட்டது. நெல்லும் தென்னையும் கருகிய அந்நிலங்களில் உப்பைத் தாங்கும் மரங்களை எரிபொருளுக்கென வளர்ப்பது ஏற்கத்தக்க யோசனையே. உண்ணும் பயிருக்கு ஆகாத மண் அடுப்புக்கேனும் பயன்படட்டும்.

ஆனால் இரு எச்சரிக்கைகள். மரம் நட்டதால் உப்பு மறைந்துவிடாது. நல்ல நீரும் வடிகாலும் சேர்ந்தாலன்றி உப்பு கீழிறங்காது. இரண்டாவதாக, மேலே நாம் கூறிய 'சாம்பலை வயலுக்குத் திருப்புக' என்னும் விதி இங்கே பொருந்தாது. சாம்பல் காரத்தன்மை உடையது. களர் நிலத்தில் அதனைக் கொட்டுவது புண்ணில் உப்பிடுவதாகும். தோல் கழிவு சேர்ந்த மண்ணில் விளைந்த விறகின் சாம்பலையோ, எதையெதையோ எரிக்கும் கொதிகலனின் சாம்பலையோ உணவு விளையும் நிலத்துக்குக் கொணரவே கூடாது. வீட்டு அடுப்பின் தூய விறகுச் சாம்பலே கொல்லைக்கு ஏற்றது.

வரப்பே வழி காட்டும்

அப்படியாயின் சிறு உழவன் எரிபொருளை விளைவிக்கவே கூடாதா? கூடும். நிலத்தின் நடுவில் அன்று, வரப்பில்.

கிளைரிசிடியா என்னும் மரத்தை நம் உழவர் பலர் அறிவர். கழியை ஊன்றினால் வேர்விடும்; வேலியாகும்; வெட்ட வெட்டத் துளிர்க்கும். அதன் இலை தழைச்சத்து மிகுந்த பசுந்தாள் உரம், கழி விறகு. இலையை மண்ணுக்கும் கழியை அடுப்புக்கும் பிரித்துத் தருவதால், நாம் கண்ட விதி அங்கே தானே நிறைவேறுகிறது. புங்கமரமும் இத்தகையதே. அவரை இனத்தைச் சேர்ந்த அது தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும். அதன் தழையை நம் பாட்டனார் நெற்கழனியில் மிதித்தனர், அதன் எண்ணெயில் விளக்கெரித்தனர், பிண்ணாக்கை உரமாக்கினர். காய்க்க ஐந்தாறு ஆண்டுகள் ஆகுமாதலால் உடனடி வருவாயை எதிர்பார்க்க இயலாது. ஆனால் வரப்பில் நிற்பதால் உணவுப் பயிருக்கு இடைஞ்சலும் இல்லை.

இவற்றினும் எளிதானது தொழுவத்திலேயே இருக்கிறது. நாளொன்றுக்கு 25 கிலோ சாணம் கிடைக்குமாயின் 1 கன மீட்டர் அளவுள்ள சாண எரிவாயுக் கலன் அமைக்கலாம். மூன்று நான்கு பேர் கொண்ட குடும்பத்தின் சமையலுக்கு அது பெரும்பாலும் போதும். வரட்டியாகத் தட்டி எரித்தால் சாணத்தின் தழைச்சத்து புகையாகிவிடும். கலனில் இட்டால் எரியக்கூடிய வாயு மட்டும் பிரிந்து வர, சத்தெல்லாம் கரைசலில் தங்கி வயலுக்குச் செல்லும். காற்று தந்தது அடுப்புக்கு. மண் தந்தது மண்ணுக்கு. இதைவிட நேர்மையான பங்கீடு வேறுண்டோ?

2018-இல் தொடங்கிய மத்திய அரசின் திட்டத்தைத் தொடர்ந்து, அழுத்தப்பட்ட எரிவாயு தயாரிக்கும் ஆலைகளும் பரவி வருகின்றன. அவற்றுக்கெனக் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் பயிரிடுமாறு உழவர்கள் அழைக்கப்படுகின்றனர். பாசனத்தில் எக்டேருக்கு ஆண்டொன்றுக்கு 350 டன்னுக்கு மேல் பசும்புல் தரக்கூடிய இரகங்கள் உண்டு. ஆனால் அத்தனை டன் புல்லோடு எவ்வளவு சாம்பல்சத்து போகும் என எண்ணிப் பாருங்கள்! ஆலையின் கழிவுக் கரைசல் அதே வயலுக்குத் திரும்பினால் இது நல்ல தொழில். திரும்பாவிடில் மண்ணை வண்டி வண்டியாக விற்பதே.

கையெழுத்திடுமுன்

எவரேனும் எரிபொருள் பயிருக்கான ஒப்பந்தத்தோடு வாயிலில் வந்து நின்றால், கணவனும் மனைவியும் ஒருங்கே அமர்ந்து கீழ்க்காணும் வினாக்களைக் கேட்பார்களாக. விளைச்சல் எவ்வளவு என்று சொல்கிறவர், மழை பொய்த்த ஆண்டில் எவ்வளவு என்றும் சொல்வாரா? விலை எழுத்தில் உள்ளதா, வாய்ச்சொல்லா? பிண்ணாக்கோ கழிவோ திரும்பி வருமா? வண்டிச் சத்தம் யாருடையது? பயிரை எடுத்தபின் வேர்க்கட்டையை அகற்றி நிலத்தைச் சீராக்குவது யார் செலவில்? வீட்டுக்கு வேண்டிய மணிலாவும் மாட்டுக்கு வேண்டிய கொடியும் எங்கிருந்து வரும்? இவற்றுக்கு விடை இல்லையேல் கன்றும் வேண்டாம், காசும் வேண்டாம். பயிர் மாற்றுமுன் மண்ணைச் சோதித்து அட்டையை வைத்துக்கொள்வதும், அறுவடைக்குப்பின் மீண்டும் சோதிப்பதும் நலம். மண் இழந்ததை அப்போது கண்ணால் காணலாம்.

நம் நண்பர் குடும்பத்தில் அன்றிரவு நெடுநேரம் பேச்சு நடந்தது. பேச்சில் அதிகம் கலந்துகொள்ளாதிருந்த மருமகள் ஒன்றைக் கேட்டார்: "ரெண்டு ஏக்கரும் மரமாயிட்டா மாட்டுக்குக் கொடி எங்கே மாமா போய் வாங்குறது?" அக்கேள்விக்கு மகனால் விடை கூற இயலவில்லை. முடிவில் ஏரியை நோக்கிச் சரிந்து ஆண்டுதோறும் மண் அரிக்கும் அரை ஏக்கரில் மட்டும் சவுக்கு நடுவதென்றும், தண்டைத் தவிர வேறெதையும் விற்பதில்லை என்றும், மீதி ஒன்றரை ஏக்கரில் மணிலாவோடு துவரையை ஊடுபயிராக இடுவதென்றும், வரப்பெங்கும் கிளைரிசிடியாவும் புங்கமும் வைப்பதென்றும் தீர்மானித்தனர். களையெடுக்கும் ஆளுக்கு என்ன செய்வது என்னும் கேள்வி மட்டும் நின்றது. ஞாயிறு தவிர்த்த விடுமுறை நாள்களில் தாமே இறங்குவதாக மகன் சொன்னார். பெரியவர் அதனை முழுவதும் நம்பியதாகத் தெரியவில்லை, எனினும் மறுக்கவில்லை.

நிலத்துக்கு ஏழாம் ஆண்டில் ஓய்வு கொடுக்க வேண்டுமென்று பழைய உடன்படிக்கையின் மக்களுக்கு லேவியர் நூலில் கட்டளையிடப்பட்டதை நாம் அறிவோம். நிலம் நம்முடையதன்று, நாம் அதில் தங்கிச் செல்பவர்களே என்பது அதன் உட்பொருள். திருத்தந்தை பிரான்சிசு 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடல் அவ்வுண்மையை நம் காலத்துக்கு நினைவூட்டியது. தவக்காலத்தின் முதல் நாளில் நம் நெற்றியில் சாம்பல் இடப்படும்போது, நாம் எங்கிருந்து வந்தோம் என்பதை எண்ணுகிறோம். அந்த மண்ணுக்குரியதை அதற்குக் கொடுத்துவிட்டு, எஞ்சியதை எரிப்போம்.

ஆடி பிறந்து சில நாள் கழித்து அப்பெரியவரிடமிருந்து செய்தி வந்தது. நல்ல மழை, மல்லாட்டை விதைத்தாயிற்று, வரப்பில் ஊன்றிய கழிகளில் பாதிக்குமேல் துளிர்த்துவிட்டன.